இப்னே ஸஃபி: விமர்சகர்கள் திறவாத பக்கங்கள்

உருது மொழியில் மிக அதிகமானோர் வாசித்த உரைநடை எழுத்தாளர் யார் என்ற கேள்விக்கு இலக்கிய வரலாற்று நூல்கள் பிரேம்சந்தையும் மண்டோவையும் காட்டும். பழைய புத்தகக் கடைக்காரரிடம் கேட்டால் வேறொரு பெயரைச் சொல்வார். இப்னே ஸஃபி என்பதே அப்பெயர். 1952 தொடக்கம் 1980 வரையான 28 ஆண்டுகளில், நோயினால் எழுத முடியாதிருந்த மூன்று ஆண்டுகள் நீங்கலாக, ஏறத்தாழ 245 துப்பறியும் நாவல்களை அவர் எழுதினார். எல்லைக் கோட்டின் இருபுறத்திலும் அவை அச்சாகின. இரண்டு நாடுகளும் போர் புரிந்த காலத்திலும் இருபுறத்து மக்களும் அவற்றை வாசித்தனர். ஆயினும் அவர் உயிரோடிருந்த காலத்தில் உருது விமர்சகர்களுள் பெரும்பாலோர் அவரைப் பற்றி ஒரு வரியேனும் எழுத முன்வரவில்லை.

எமது வாசகர்களிற் பலருக்கு உருது தெரியாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்களுக்கும் அது அயல்மொழியே. அப்படியிருக்க இவரைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று கேட்கலாம். சில மாதங்களுக்கு முன்னர் பளையில் ஆசிரியர்களும் வாசகர்களுமாகச் சிலர் கூடிப் பேசியபோது, துப்பறியும் நாவல் இலக்கியமாகுமா என்ற பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. வழக்கம்போல ஆகாது என்போரும் ஆகும் என்போரும் இரு பக்கமாகப் பிரிந்தனர். அவர்களுள் ஒருவர், அது இலக்கியமோ இல்லையோ, வன்னி மண்ணில் ஏன் ஒரு துப்பறியும் கதை முளைக்கவில்லை என்று கேட்டார். அக்கேள்வி எம்மை விடாது தொடர்ந்தது. அதற்கு விடை தேடுகையில் இப்னே ஸஃபியின் வாழ்க்கை எமக்குக் கைகொடுத்தது.

அவருடைய இயற்பெயர் அஸ்ரார் அஹ்மத். 1928ஆம் ஆண்டு, அன்றைய ஐக்கிய மாகாணத்தின் அலகாபாத் மாவட்டத்திலுள்ள நாரா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெயர் ஸஃபியுல்லாஹ். ஸஃபியின் மகன் என்ற பொருளிலேயே பின்னாளில் இப்னே ஸஃபி என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். சிறுவயதில் அவர் கையில் அகப்பட்ட நூல் 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. மாயக்கோட்டைகளும் சூனியக்காரரும் உருமாறும் ஒற்றர்களும் நிறைந்த, பல ஆயிரம் பக்கங்கள் நீளும் உருதுப் பெருங்கதை அது. அமீர் ஹம்சாவின் கதையை அறிந்த முஸ்லிம் வாசகர்களுக்கு அதன் உலகம் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராசன் கதையையும் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்களும் அதன் சுவையை ஊகித்துக்கொள்ளலாம். இப்னே ஸஃபியின் துப்பறிவாளர்கள் இலண்டன் பேக்கர் வீதியிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்லர். பாதிப்பேர் இந்தப் பழைய கதைமரபின் வழித்தோன்றல்கள் என்பதை அவரது விமர்சகர்கள் நெடுங்காலம் கவனிக்கவில்லை.

அஸ்ரார் முதலிற் கவிஞராகவே அறியப்பட்டார். அஸ்ரார் நார்வி என்ற பெயரிற் கஸல்கள் எழுதினார். 1947இல் அலகாபாத் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பிரிவினைக் கலவரங்கள் அப்படிப்பைக் குலைத்தன. பின்னர் ஆக்ரா பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெற்று, அலகாபாத்திற் பாடசாலை ஆசிரியரானார். அப்பாஸ் ஹுஸைனி நடத்திய 'நிக்ஹத்' என்ற இதழில் வேறு வேறு பெயர்களில் அங்கதக் கட்டுரைகளும் எழுதிவந்தார். அந்த நண்பர் வட்டத்தில் ஒருநாள் நடந்த விவாதமே அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. உருதில் விற்பனையாக வேண்டுமானால் காமச்சுவைக் கதை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒருவர் வாதிட்டாராம். அஸ்ரார் அதை மறுத்தார். மறுத்தவரே செய்து காட்டட்டும் என்றனர். 1952 மார்ச்சில் 'ஜாஸூஸி துன்யா', அதாவது துப்பறியும் உலகம், என்ற மாத வெளியீட்டின் முதல் நாவலாக 'திலேர் முஜ்ரிம்' வெளிவந்தது.

அந்தக் காலத்தை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். 1951இல் உத்தரப் பிரதேசம் இந்தியை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. உருது அங்கே இரண்டாவது ஆட்சிமொழியாவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடசாலையில் இடமிழந்து, அலுவலகத்தில் இடமிழந்து, வீட்டுக்குள் ஒடுங்கத் தொடங்கிய ஒரு மொழியிலே மாதந்தோறும் ஒரு நாவலை இளைஞர் கூட்டம் காத்திருந்து வாங்கியது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட எமது சமூகங்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே 1952இல், முதல் நாவல் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன், பெப்ரவரி 21ஆம் திகதி, உருதை மட்டும் அரசமொழியாக்கும் முயற்சியை எதிர்த்த வங்காள மாணவர்கள் டாக்காவிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஒரு நாட்டில் ஒடுக்கப்படும் மொழி இன்னொரு நாட்டில் ஒடுக்கும் மொழியாக நின்றது. இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையிலேதான் இப்னே ஸஃபியின் எழுத்து வாழ்வு கழிந்தது. 1952 ஓகஸ்டில் தாயாருடன் கராச்சிக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கிருந்து எழுதியனுப்ப, அலகாபாத்தில் அப்பாஸ் ஹுஸைனி தொடர்ந்து அச்சிட்டார். எழுதியவர் ஒரு நாட்டிலும் பதிப்பாளர் மறுநாட்டிலுமாக இருந்து நடத்திய இந்த நட்பு பதிப்புத்துறை வரலாற்றில் அரிதானது.

அவருக்கு முன்னர் உருதில் துப்பறியும் கதை இல்லாமலில்லை. பொலிஸ் அதிகாரியாக இருந்த ஸஃபர் உமர் பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங்கின் கதையைத் தழுவி 'நீலீ சத்ரீ' எழுதினார். தீரத் ராம் ஃபிரோஸ்பூரி ஆங்கில நாவல்களை அடுக்கடுக்காக மொழிபெயர்த்தார். தமிழிலும் நிலைமை இதுவே. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் முதலியோரின் ஆங்கிலக் கதைகளுக்கு வேட்டி கட்டி, காவிரிக் கரையிலும் சென்னையிலும் உலவவிட்டனர். ஜே.ஆர்.ரங்கராஜு தம் துப்பறிவாளர் கோவிந்தனை மக்கள் நாவில் நடமாடச் செய்தார். இப்னே ஸஃபியின் முதல் நாவலும் விக்டர் கன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையொன்றிலிருந்து கிளைத்ததே. அதை அவர் மறைக்கவில்லை. இரவல் பெற்ற கதைகள் எவை என்று தம் முன்னுரையில் தாமே சொன்னார். எமது பழைய தழுவலாசிரியர்களிற் பலரிடம் இந்த நேர்மையை நாம் காணவில்லை.

'ஜாஸூஸி துன்யா'வின் நாயகர் இருவர். ஃபரீதி செல்வந்தர், கல்விமான், பெண் வாடையறியாத கடமை வீரர். அவரது உதவியாளர் ஹமீத் குறும்பர், காதல் மன்னர், சோம்பேறி. முன்னவர் வாசகனின் இலட்சியம் என்றால் பின்னவர் வாசகனே. அலகாபாத்திலிருந்து வெளிவந்த இந்திப் பதிப்புகளில் ஃபரீதி வினோத் ஆனார். ஹமீதோ ஹமீதாகவே இருந்தார். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் தோளோடு தோள் நின்று குற்றவாளிகளைத் துரத்தும் கதையாக அது இந்தி வாசகரிடம் சென்றது. வியாபார நோக்கிற் செய்யப்பட்ட மாற்றம் என்று ஒதுக்கலாம். எத்தனையோ மேடைப் பேச்சுகள் சாதிக்காததை அந்த வியாபாரம் சாதித்தது என்றே நாம் கருதுகின்றோம்.

1955 ஓகஸ்டில் 'கௌஃப்னாக் இமாரத்' நாவலோடு இம்ரான் வந்தான். ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவன். ஆனால் பார்ப்பவருக்கு முழுமுட்டாள். புலனாய்வுத்துறைத் தலைவரான தந்தையால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவன். இரகசியச் சேவையின் கண்காணாத் தலைவனான எக்ஸ்-டூ அவனே என்பது அவனுக்குக் கீழே பணிபுரிவோருக்குத் தெரியாது. தந்தை மகனை உதவாக்கரை என்று ஏசும்போது, உண்மை அறிந்த வாசகன் மட்டும் உள்ளூரச் சிரிப்பான். வேலையில்லாப் பட்டதாரிகள் நிறைந்த நாடுகளில் இந்த இளைஞன் ஏன் இவ்வளவு நேசிக்கப்பட்டான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

1960இல் மனச்சிதைவு நோய் அவரைப் பற்றியது. மூன்று ஆண்டுகள் அவரால் எழுத இயலவில்லை. அந்த இடைவெளியில் அவரது பெயரை ஓரிரு எழுத்து மாற்றிப் போட்டுக்கொண்ட போலிகள் சந்தையை நிறைத்தனர். கராச்சியின் ஹகீம் ஒருவரது யூனானி வைத்தியத்தின் பின் தேறி, 1963 நவம்பரில் 'டேட் மத்வாலே' என்ற இம்ரான் கதையுடன் மீண்டார். இந்தியாவில் அந்நூலை வெளியிட்டு வைத்தவர் லால் பகதூர் சாஸ்திரி. காமராஜர் திட்டத்தின்படி அந்த ஓகஸ்டில் உள்துறை அமைச்சர் பதவியைத் துறந்திருந்தவர் அவர். பாகிஸ்தானிய எழுத்தாளர் ஒருவரின் துப்பறியும் நாவலை, பின்னர் அதே பாகிஸ்தானுடன் 1965இற் போரை நடத்தப்போகும் மனிதர் வெளியிட்டார் என்பதை நினைக்கையில் வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் விமர்சகர்கள் ஏன் மௌனமாயிருந்தனர்? 1936இல் உருவான முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் இலக்கியத்துக்குச் சமூகக் கடமையை வகுத்திருந்தது. கொலையும் துப்பும் அந்தக் கணக்கிற் சேரவில்லை. எதிர் அணியில் நின்றோருக்கோ மாத நாவல் என்றாலே கலையன்று. மேற்கிலும் இதே வழக்கு அதே தசாப்தங்களில் நடந்தது. 1944, 1945இல் அமெரிக்காவின் பேர்போன விமர்சகர் எட்மண்ட் வில்சன் துப்பறியும் கதைகளை நேரத்தைக் கொல்லும் போதையாகக் கருதி, 'நியூயோர்க்கர்' இதழில் அடுத்தடுத்துச் சாடினார். அதே 1944 டிசெம்பரில் 'அட்லாண்டிக்' இதழில் ரேமண்ட் சாண்ட்லர் வேறொரு பாதையைத் திறந்தார். அவரே ஒரு துப்பறியும் நாவலாசிரியர். ஆங்கிலேய மாளிகைகளில் விருந்துக்கிடையே நடக்கும் நாகரிகக் கொலைகளில் உயிரில்லை என்றும், டாஷியல் ஹாமெட் போன்றோர் கொலையை அது உண்மையில் நிகழும் தெருவுக்குக் கொண்டுவந்தனர் என்றும் வாதிட்டார். 'ஹார்ட்-பாயில்ட்' என்று அமெரிக்கர் பெயரிட்ட கரடுமுரடான துப்பறியும் கதைக்கு இலக்கிய மதிப்பைத் தேடித்தந்த கட்டுரை அது. ஹாமெட் முன்னர் பிங்கர்டன் நிறுவனத்தில் உண்மையாகவே துப்பறிந்தவர். 1929இல் வெளிவந்த அவரது 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் நகரமே குற்றவாளி. பொலிசும் முதலாளியும் ரவுடியும் ஒரே மேசையில் அமர்கின்றனர். மதுவிலக்குச் சட்டம் கள்ளக் கடத்தற்காரரைப் பணக்காரராக்கிய காலத்தில், அமெரிக்க வாசகருக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் இப்னே ஸஃபி தோற்றுப்போவார். அவரது பொலிஸ் நேர்மையானது. சட்டம் இறுதியில் வெல்கிறது. ஃபரீதி இலஞ்சம் வாங்குவதில்லை, அவருக்கு மேலுள்ளவர்களும் பெரும்பாலும் நல்லவர்களே. உலகறியாத எழுத்து என்று சிலர் இதனைத் தள்ளிவிட்டனர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அவருடைய முதல் வாசகர்கள் 1947ஐக் கண்டவர்கள். அயலவன் அயலவனை வெட்டியபோது பொலிஸ் வராததைக் கண்டவர்கள். கொலை செய்தவன் யார் என்று ஊரே அறிந்திருந்தும் வழக்கு நடக்காததைக் கண்டவர்கள். சட்டம் கெட்டுப்போய்விட்டது என்று அவர்களுக்கு எழுதிக் காட்ட வேண்டிய தேவையில்லை. ஒரு கொலைக்கு ஒரு கொலைகாரன் உண்டு, அவன் பெயர் சொல்லப்படும் என்ற உறுதியே அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஹாமெட்டின் வாசகன் சட்டத்தின் முகமூடி கிழிவதை வேண்டினான். இப்னே ஸஃபியின் வாசகன் சட்டம் என்று ஒன்று இருப்பதை வேண்டினான். துப்பறியும் கதையை மதிப்பிட வருபவர், அதை வாங்கியவன் என்ன அச்சத்தோடு கடைக்கு வந்தான் என்பதை முதலில் அறிய வேண்டும்.

குறைகளும் உண்டு. விரைந்து எழுதியதால் சில நாவல்களில் முடிச்சு இறுகுமுன்னரே அவிழ்ந்துவிடுகிறது. சிங் ஹீ என்ற சீன வில்லன் மேலை நாட்டு மலிவு நாவல்களின் வார்ப்பு. இம்ரானின் கறுப்பின மெய்க்காவலன் ஜோசப்பைச் சித்திரித்த விதத்தை இன்றைய வாசகர் முகச்சுளிப்பின்றிக் கடக்க முடியாது. பிற்கால நாவல்களில் 'ஸீரோலேண்ட்' என்ற மர்ம தேசமும் அதன் அதிசய இயந்திரங்களும் வந்தபின், தெருவின் புழுதி கதையிலிருந்து அகன்றுவிட்டது. ஆனால் வில்லனுக்குத் தனி நடையும் பேச்சும் கொடுப்பதில் அவருக்கு இணையில்லை. இந்தித் திரைப்பட வசனகர்த்தா ஜாவேத் அக்தர், மறக்க முடியாத வில்லன்களை உருவாக்கும் வித்தையை இவரிடம் கற்றதாகக் கூறியிருக்கிறார். 'ஷோலே' பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். தொடக்கத்திற் செய்த சபதத்தையும் அவர் கடைசிவரை காத்தார். தந்தையர் தயங்காது பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடிய நூல்களாகவே அவை இருந்தன.

இனி எம் பக்கம் வருவோம். 1885இல் எம்.சி.சித்திலெவ்வை எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. கெய்ரோவில் கடத்தப்பட்ட குழந்தை பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்து, ஆபத்துகளைத் தாண்டித் தன் பிறப்பின் மர்மத்தை அறியும் கதை அது. முதல் நாவல் என்று ஆண்டைக் குறிப்பதோடு எமது விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஈழத்துத் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் எழுதிய குற்றக் கதையோடு பிறந்தது என்பதை அது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் கடல் கடந்து வந்தனர். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரங்கள் அந்த இடத்தை நிரப்ப முயன்றன. யுத்த காலத்தில், வடக்கின் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சான நாட்களில், அட்டை இழந்த பழைய மாத நாவல்கள் கைமாறிக் கைமாறிக் கந்தலாகும்வரை வாசிக்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்து முகாம்களுக்குப் போனபோது, அத்தகைய நூல்களைக் கொண்டுசெல்லக்கூட அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

பளை நண்பரின் கேள்விக்கு இப்போது ஓரளவு பதில் சொல்லலாம். பளை பல தடவை கைமாறிய மண். 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் பளை வரை திரும்பிவர 2014 மார்ச் ஆயிற்று. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, இதே மாவட்டத்தின் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவர்கள் கையில் ஏந்திய படங்களைப் பார்த்த எவருக்கும் துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயம் எதுவென்று விளங்கும். காணாமற் போனவர் உண்டு, கடைசியாகக் கண்ட சாட்சி உண்டு, இடமும் நேரமும் உண்டு. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளே நுழைய வேண்டிய துப்பறிவாளன் இல்லை. சீருடையணிந்த ஃபரீதியை இங்கே எழுதினால் எவரும் நம்பமாட்டார். ஹாமெட்டின் தனியாளை எழுதலாம். ஆனால் அவன் கேட்கத் தொடங்கும் முதற் கேள்வியிலேயே கதை நின்றுவிடக்கூடும். வன்னியைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல் எதுவும் சட்டென நினைவுக்கு வராமைக்கு எழுத்தாளரின் திறமைக் குறைவை நாம் காரணமாகக் கொள்ளவில்லை. நம்பத்தக்க ஒரு விசாரணை நடந்த நினைவு இந்த மண்ணுக்கு இல்லை.

இப்னே ஸஃபிக்கு விமர்சன அங்கீகாரம் மிகத் தாமதமாகவே வந்தது. உருது விமர்சனத்தின் பெருந்தலையான ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி, மீரின் கவிதைகளுக்குப் பேருரை கண்டவர், 'ஜாஸூஸி துன்யா'வின் நான்கு நாவல்களைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவற்றை 2011இல் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் தமிழ் மாத நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்ததும் அதே பதிப்பகம்தான். ஃபாரூக்கி 2020 டிசெம்பரில், இப்போது பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள அலகாபாத்தில், காலமானார்.

அவர் மொழிபெயர்த்தவற்றைக் காண இப்னே ஸஃபி இருக்கவில்லை. 1979இன் பிற்பகுதியில் அவருக்குக் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதன் பின்னும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1980 ஜூலை 26ஆம் திகதி, சுபஹு வேளையில், கராச்சியில் அவர் வபாத்தானார். பாபோஷ் நகர் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். கட்டிலருகே ஓர் இம்ரான் கதை முடிக்கப்படாமற் கிடந்தது. 'ஆகிரீ ஆத்மீ', கடைசி மனிதன், என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்.